காத்தில பென்சீன் எவ்வளவு, எதை வைச்சு அளந்தனீங்கள்?

வாடைக்காத்து தொடங்கினா யாழ்ப்பாணத்தில காத்தைப் பற்றின கதையும் தொடங்கும். 2022 மார்கழி 9ஆம் திகதி காத்து சரியில்லை எண்டு பள்ளிக்கூடங்களைப் பூட்டினது ஞாபகம் இருக்கும் தானே, அதுக்கு முதல் எயர் குவாலிட்டி எண்டா அது கொழும்புக்காரற்ற பிரச்சினை எண்டு இருந்த சனம் அண்டையில இருந்து விடியக்காலமை எழும்பின உடன போனில அப்பைத் திறந்து இண்டைக்கு மஞ்சளோ சிவப்போ எண்டு பாக்குது. நல்ல விசயம். ஆனா அந்த நிறம் பெரும்பாலும் பிஎம் 2.5 எண்ட நுண்தூசியை வைச்சு வாறது. தூசியா இல்லாம ஆவியா நிக்கிற வேற ஒரு கூட்டம் காத்தில இருக்கு, அதைப் பற்றி இஞ்ச கதைக்கிறவை குறைவு, கதைக்கிற ஒண்டு ரெண்டு பேரும் பிழையான அளவுப் பெட்டியை வைச்சுக்கொண்டு கதைக்கினம். அந்த எரிச்சலில தான் இவ்வளவு நீட்டுக்கு எழுதுறன், ஆறுதலா வாசியுங்கோ.

வீஓசி எண்டு சொல்லுவினம். ஏ லெவலில கெமிஸ்றி படிச்ச ஆக்களுக்கு ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகள் எண்டா விளங்கும். பெற்றோல் செட்டில மூக்கில ஏறுற மணம், புதுப் பெயின்ற் மணம், தோடம்பழத் தோல், கற்பூரம், தவறணைப் பக்கம் போகேக்க வாற கள்ளு வாசம் எல்லாம் இந்தக் கூட்டம் தான். மரஞ்செடியள் விடுற ஐசோப்பிரீனும் இதுக்குள்ள வரும், உலகம் முழுக்கப் பாத்தா அது ஒண்டு மட்டுமே வருசத்துக்குக் கிட்டத்தட்ட 50 கோடி தொன். இதில கனக்க சாமான் வழமையாக் காத்தில நிக்கிற அளவில தீங்கில்லாதது. எரிபொருளில இருந்து வாற பென்சீன் அப்பிடி இல்ல, ஐஆர்க் எண்ட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை முதலாம் குழுவில, சிகரெட் புகையும் அஸ்பெஸ்ரசும் இருக்கிற அதே குழுவில, வைச்சிருக்கு. மற்றவை நேரா ஒண்டும் செய்யாட்டியும் வாகனப் புகையில வாற நைதரசன் ஒட்சைட்டுகளோட வெயிலுக்க சேந்து தரைமட்டத்தில ஓசோனை உண்டாக்கிப் போடும். வெயிலுக்கு எங்களிட்டப் பஞ்சமோ?

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில இருந்து வந்த மச்சான் ஒருத்தர் ஒரு சின்னப் பெட்டி கொண்டு வந்து எங்கட ஒழுங்கையில கேற்றில கட்டினவர். அதில ரீவீஓசி, அதாவது எல்லா வீஓசியும் சேத்த மொத்தம், எண்டு போட்டு ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும், ஆரும் கற்பூரம் கொளுத்தினா துள்ளும், பின்னேரம் அடுப்பில எண்ணெய் வைச்சா துள்ளும், மழை வந்தாலும் ஆடும். பக்கத்து வீட்டு ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, 412 காட்டுது, இது கூடவோ?" எண்டு கேட்டார். "எதை விடக் கூடவோ எண்டு கேக்கிறியள் ஐயா?" எண்டன். அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு உள்ள போட்டார். ஆனா கேள்வி அது தான், அதுக்கு அங்கால எல்லாம் விளக்கம்.

அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது சூடாக்கின உலோக ஒட்சைட்டுப் படலம். காத்தில எரியக்கூடிய வாயு ஏதும் பட்டா அதின்ர மின்தடை மாறும். பட்டது பென்சீனோ, சாராய ஆவியோ, ஐதரசனோ, அடுப்புப் புகையில வாற காபனோரொட்சைட்டோ எண்டு பிரிச்சுப் பாக்க அதுக்குத் தெரியாது. இப்ப பரவலா வாற ஒரு வகைச் சென்சர் 0 இல இருந்து 500 வரைக்கும் ஒரு சுட்டெண் காட்டும், அதில 100 எண்டா என்ன தெரியுமோ, கடைசி 24 மணித்தியாலத்தின்ர சராசரி. தன்ர நேற்றோட தான் தன்னை ஒப்பிடுது. பெற்றோல் செட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டாலும் கொஞ்ச நாளில ஆறுதலா 100க்குக் கிட்ட வந்து நிக்கும். வீட்டுக்குள்ள வழமைக்கு மாறா ஏதோ நடக்குது, யன்னலைத் திற எண்டு சொல்லுறதுக்கு அது நல்ல சாமான், செய்தவையும் அதுக்குத் தான் செய்தவை. கேற்றில கட்டி ஊர்க் காத்தை அளக்கிறது நாங்கள்.

கொஞ்சம் காசு கூடினது பிஐடி மீற்றர், கையில பிடிச்சுக்கொண்டு திரியலாம். உள்ளுக்க ஒரு புறஊதா விளக்கு, வழமையா 10.6 எலக்ரோன் வோல்ற், அது அயனாக்கக்கூடிய எல்லாத்தையும் சேத்து எண்ணும். இதுக்கு ஒரு நியமம் இருக்கு, ஐசோபியூட்டிலீன் வாயு, அதை வைச்சுத் தான் கலிப்பிரேற் பண்ணுவினம், எண்டா மீற்றர் காட்டுற எண்ணைத் தெரிஞ்ச அளவோட ஒப்பிட்டுச் சரிப்படுத்துவினம். அப்ப திரையில வாற எண் ஐசோபியூட்டிலீன் கணக்கில வாற எண். பென்சீனுக்கு அதைக் கிட்டத்தட்ட 0.5 ஆல பெருக்க வேணும், காத்தில பென்சீன் மட்டும் இருந்தா. தொழிற்சாலையில லீக் தேடுறதுக்கு இது கைகண்ட சாமான், ஆனா அங்க கதைக்கிறது பீபீஎம் கணக்கு, பத்து லட்சத்தில எத்தினை எண்டு. றோட்டுக் காத்தில பென்சீன் நிக்கிறது பீபீபி கணக்கில, நூறு கோடியில ஒண்டு ரெண்டு.

நான் கொஞ்சக் காலம் வெளிநாட்டில, வாயுக் கலிப்பிரேசன் செய்யிற லாப் ஒண்டில வேலை செய்தனான். அங்க முதல் நாளே சொல்லித் தந்த விசயம், மெசினை நம்பாத, மெசினுக்கு நீ எதைக் குடுத்து இது தான் 4 எண்டு சொன்னனியோ அதைப் பற்றி யோசி எண்டது. திருநெல்வேலிச் சந்தையில வெங்காயம் நிறுக்கிற தராசை எடுங்கோ. அதை ஏன் நம்புறம்? அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்து ஆக்கள் தங்கட படிக்கல்லோட ஒப்பிட்டுப் பாத்து முத்திரை குத்தியிருக்கினம், அவையின்ர படிக்கல்லு நாட்டின்ர தேசிய நியமத்தோட ஒப்பிட்டது, அது பிரான்சில செவ்ர் எண்ட ஊரில இருந்த ஒரு பிளாற்றினம் இரிடியம் கட்டியில போய் முடிஞ்சது, 2019 வைகாசி 20க்குப் பிறகு அந்தக் கட்டியும் இல்ல, பிளாங்க் மாறிலி எண்ட, இயற்கையில மாறாத ஒரு எண்ணில போய் முடியுது. வெங்காயக்காரிக்கு இது ஒண்டும் தெரியத் தேவையில்ல, ஆனா அந்தச் சங்கிலி இருக்கு. ரீவீஓசி 412க்கு அந்தச் சங்கிலி இல்ல. ஒரு கண்ணி கூட இல்ல.

சரி, காத்தில இருக்கிற பென்சீனுக்கு ஆர் படிக்கல்லுச் செய்யிறது, எப்பிடிச் செய்யிறது? எனக்கு இந்த முழுக் கதையிலயும் பிடிச்ச இடம் இது தான்.

படிக்கல்லு எண்டது ஒரு சிலிண்டர். உள்ளுக்க சுத்தமான நைதரசன், அதுக்குள்ள சொட்டுப் பென்சீன். 10 லீற்றர் அலுமினியம் சிலிண்டரில 100 பார் அமுக்கத்துக்கு நைதரசன் அடைச்சா ஏறத்தாழ 41 மூல் வரும், நிறை 1.15 கிலோ. அதில 4 பீபீபி பென்சீன் வேணும் எண்டா எவ்வளவு போட வேணும் எண்டு கணக்குப் பாருங்கோ, ஏ லெவல் பிள்ளையளும் செய்யலாம், 13 மைக்கிரோகிராம் தான் வரும். வெறும் சிலிண்டரே பத்துப் பன்ரண்டு கிலோ. அந்தப் பாரத்தைத் தாங்கிற தராசில, அது எவ்வளவு திறமான தராசா இருந்தாலும், 13 மைக்கிரோகிராமைப் பாக்க ஏலாது. அதனால நேர போக மாட்டினம், படிப்படியா இறங்குவினம். முதல் சிலிண்டரில நிறுக்கக்கூடிய அளவு பென்சீனைப் போட்டு ஒரு செறிவான கலவை, அதில கொஞ்சத்தை எடுத்து ரெண்டாவது சிலிண்டருக்கு விட்டு நைதரசனால ஐதாக்கிறது, பேந்து அதில கொஞ்சம் மூண்டாவதுக்கு, இப்பிடியே போய் பீபீபிக்கு வரும். ஒவ்வொரு படியிலயும் முன்னும் பின்னும் நிறுவை. ஐஎஸ்ஓ 6142 எண்ட நியமத்தில இந்த முறை எழுதிக் கிடக்கு, கடைசிப் பதிப்பு 2015.

நிறுக்கிறது எண்டு சொன்னா லேசா இருக்கும். சிலிண்டர் காத்துக்க நிக்குது, அது இடம்பெயர்க்கிற காத்தின்ர மேலுதைப்பு மட்டும் பதினைஞ்சு கிராமுக்கு மேல, அதுவும் அண்டைய அமுக்கம், வெப்பநிலையைப் பொறுத்து மாறும். நீங்கள் தேடுறது மில்லிகிராம். அதால அதே அளவு, அதே வடிவான இன்னொரு வெறும் சிலிண்டரை வைச்சு மாறி மாறி ஏத்தி இறக்கி வித்தியாசத்தைத் தான் எடுக்கிறது. வாயு அடைச்சா சிலிண்டர் ஒரு துளி வீங்கும், அது கூட மேலுதைப்பை மாத்தும், அதுக்கும் திருத்தம். அடைச்ச உடன சிலிண்டர் சூடா இருக்கும், சூட்டோட நிறுத்தா அதைச் சுத்தி மேலெழும்புற காத்துத் தராசை ஏமாத்திப் போடும், ஆறவிட வேணும். கையுறை இல்லாம தொட்டா விரல் அடையாளத்தின்ர நிறையும் கணக்கில வந்திடும். எங்கட லாப்பில சிலிண்டரில ஒட்டுற லேபிளுக்குக் கூடச் சட்டம் இருந்தது, நிறுக்கத் தொடங்கின பிறகு ஒண்டும் ஒட்டவும் கூடாது உரிக்கவும் கூடாது. எல்லாம் முடிஞ்ச பிறகு சிலிண்டரைக் கிடத்தி உருட்டுவினம், உள்ளுக்க வடிவாக் கலக்கிறதுக்கு. முதல் நாள் அதைப் பாத்திட்டு நான் பகிடி எண்டு நினைச்சன்.

போடுற பென்சீனும் சுத்தமோ? போத்திலில 99.9 எண்டு போட்டிருந்தா அந்த மிச்சம் 0.1 என்ன எண்டு கேக்க வேணும், அதுக்குள்ள பென்சீனின்ர சொந்தக்காரனான தொலுயீன் நிண்டா தொலுயீன் அளவைப் பிழையாக்கும். நைதரசனும் அப்பிடித் தான். 4 பீபீபி செய்யேக்க நைதரசனுக்குள்ளயே ஏற்கெனவே ஒரு துளி பென்சீன் நிண்டா அதுவும் சேரும்.

இவ்வளவும் செய்து போட்டு அடுத்த தலையிடி சுவர். பீபீபி அளவில உள்ளுக்க போட்ட மூலக்கூறுகள் சிலிண்டர்ச் சுவரில போய் ஒட்டும். வாயுவில 4 எண்டு போட்டிருப்பியள், வெளிய வாறது 3.6 ஆ இருக்கும், ஆறு மாசத்தில இன்னும் குறையும். அதால உள்சுவருக்கு விசேசமாப் பூச்சுப் பூசின, பதப்படுத்தின அலுமினியம் சிலிண்டர் தான் பாவிக்கிறது. ஒட்டுதோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு ஒரு எளிய வழி இருக்கு, எனக்கு அது சரியான விருப்பம். நிறைஞ்ச சிலிண்டரில இருந்து அதே மாதிரி வெறும் சிலிண்டருக்கு அரைவாசியை அப்பிடியே மாத்தி விடுறது. வேற ஒண்டும் சேக்கிறேல்ல. பேந்து ரெண்டையும் அளந்தா ஒரே எண் வர வேணும். புதுச் சிலிண்டரில குறைஞ்சு வந்தா அந்தக் குறைஞ்சது சுவரில நிக்குது.

பென்சீன், தொலுயீன், எதேன், புரொப்பேன் எல்லாம் பிரச்சினை குறைஞ்ச பிள்ளையள். மெதனோல், எதனோல், அசற்றோன் மாதிரி ஒட்சிசன் உள்ளவை சுவரில ஒட்டுறதில வலு விண்ணர். மரங்கள் விடுற பைனீன், லிமனீன் மாதிரியான ரேர்ப்பீன்கள் ஒட்டவும் செய்யும், உள்ளுக்க தங்களை மாத்திக்கொள்ளவும் செய்யும். அதால எல்லாத்தையும் ஒரே சிலிண்டரில போட்டு ஒரு படிக்கல்லு செய்ய ஏலாது. இங்கிலாந்தில ரெடிங்ரன் எண்ட இடத்தில இருக்கிற என்பீஎல், அது தான் அவையின்ர தேசிய அளவியல் நிறுவனம், 30 ஐதரோகாபன், எண்டா காபனும் ஐதரசனும் மட்டும் உள்ள சேர்வை, அடங்கின ஓசோன் முன்னோடிக் கலவை ஒண்டு செய்யுது, ஒவ்வொண்டும் 4 பீபீபி சுமாரில, உலக வானிலை நிறுவனத்தின்ர அவதானிப்பு நிலையங்களின்ர ஐதரோகாபன் அளவுகள் எல்லாம் அந்த வரிசையில தான் போய்த் தொங்குது. அமெரிக்காவில பாம்ஸ் எண்ட காத்து அளக்கிற திட்டத்துக்கு 57 சேர்வைக் கலவை. நாட்டுக்கு நாடு செய்யிற சிலிண்டர் ஒண்டோட ஒண்டு ஒத்து வருதோ எண்டு செவ்ரில இருக்கிற சர்வதேச அளவியல் பணியகத்துக்குக் கீழ குருட்டுப் பரீட்சை மாதிரி ஒப்பிட்டுப் பாப்பினம், பெறுபேறு பகிரங்கமா வரும், ஆற்றை சிலிண்டர் விலகி நிக்குது எண்டு எல்லாருக்கும் தெரியும். இப்பிடி ஒரு ஒழுங்கு வேற துறையளிலயும் இருந்தா எவ்வளவு நல்லம்.

சிலிண்டருக்க நிக்காத சாமானுக்கு வேற வழி இருக்கு, பேர்மியேசன் ரியூப். சின்ன ரெப்லோன் குழாய்க்குள்ள திரவத்தை அடைச்சு ரெண்டு பக்கமும் மூடி, வெப்பநிலை ஆடாத ஒரு அறைக்குள்ள வைச்சா, குழாய்ச் சுவருக்குள்ளால நிமிசத்துக்கு இத்தினை நானோகிராம் எண்டு ஒரே சீராக் கசியும். அதுக்கு மேலால தெரிஞ்ச வேகத்தில சுத்தமான காத்தை விட்டா அந்தக் கலவை அப்ப அப்பவே பிறக்குது, ஒட்டுறதுக்கு நேரமும் இல்ல சுவரும் இல்ல. குழாயைக் கிழமைக் கணக்கா நிறுத்து நிறுத்துப் பாத்தா எவ்வளவு கசிஞ்சது எண்டு தெரியும், திரும்பவும் கிலோகிராமில போய் முடியும். ஓ'கீவ், ஓர்ட்மன் எண்ட ரெண்டு பேர் 1966 இல கொண்டு வந்த யோசனை, இண்டைக்கும் ஓடுது. ஒண்டு மட்டும், வெப்பநிலை ஒரு பாகை ஏறினாலே கசிவு நல்லாக் கூடிப் போடும். கறண்ட் போய்ப் போய் வாற இடத்தில இதை வைச்சு மினக்கெட ஏலாது.

அளக்கிற மெசினைப் பற்றி அதிகம் சொல்லேல்ல, காஸ் குரோமட்டோகிராப் தான், நீண்ட மெல்லிய குழாய்க்குள்ளால விட்டு ஒவ்வொரு சேர்வையையும் பிரிச்சு எடுத்து ஒவ்வொண்டா எண்ணுறது. ஒரு கெட்டித்தனம் மட்டும் சொல்லுறன். கடைசியில ஐதரசன் சுவாலையில எரிக்கிற எப்ஐடி எண்ட உணரி இருந்தா, அது ஐதரோகாபன்களில காபன் அணுவைத் தான் எண்ணும் எண்டு சொல்லலாம், பென்சீனில 6, புரொப்பேனில 3. அப்ப படிக்கல்லுச் சிலிண்டரில இருக்கிற 30 சாமானுக்கும் ஒரு காபனுக்கு எவ்வளவு சிக்னல் எண்டு பிரிச்சா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணில வர வேணும். ஒண்டு மட்டும் பள்ளத்தில விழுந்தா ஒண்டில் சிலிண்டரில ஒட்டீட்டுது, இல்லாட்டி உங்கட குழாயில எங்கயோ ஒட்டுது. மெசினும் படிக்கல்லும் ஒண்டை ஒண்டு காட்டிக் குடுக்கும்.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். இலங்கையில வெளிக்காத்துக்கு நியமம் இருக்கு, 1994 இல வர்த்தமானியில வந்தது, 2008 இல திருத்தினது. அந்தத் திருத்தத்தில இருக்கிறது பிஎம் 10, பிஎம் 2.5, நைதரசனீரொட்சைட், கந்தகவீரொட்சைட், ஓசோன், காபனோரொட்சைட். பென்சீன் இல்ல. பாக்குநீரிணைக்கு அங்கால இந்தியாவில 2009 இல இருந்து வருசச் சராசரி கன மீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் எண்டு பென்சீனுக்கு வரம்பு இருக்கு. ஐரோப்பாவிலயும் 5 தான், புதுச் சட்டப்படி 2030 இல இருந்து 3.4. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டும் சொல்லேலாது எண்டு தான் சொல்லுது. 5 மைக்கிரோகிராம் எண்டா பீபீபியில ஏறத்தாழ ஒண்டரை, ஆனா அந்த மாத்தல் 20 பாகையில செய்த கணக்கு. எங்கட சித்திரை வெயிலில அதே பீபீபிக்குக் கன மீற்றருக்க நிக்கிற மைக்கிரோகிராம் குறையும், காத்து விரிஞ்சு போறதால. எந்த வெப்பநிலைக்கு எழுதின எண் எண்டு சொல்லாம ஆரும் றிப்போட் தந்தா திருப்பிக் குடுங்கோ.

இன்னொண்டும் இருக்கு, சனம் பெரும்பாலும் நம்பாது. ஐரோப்பியச் சட்டத்தில பென்சீன் நிலையத்துக்கு அனுமதிச்ச நிச்சயமின்மை 25 வீதம். இவ்வளவு தராசும் சிலிண்டரும் உருட்டலும் இருந்தும் கடைசியில 25 வீதம் அங்கால இஞ்சால போகலாம் எண்டு சட்டமே சொல்லுது, படிக்கல்லில இருக்கிற பிழை அதில ஒரு சில வீதம் தான், மிச்சம் எல்லாம் காத்தைப் பிடிக்கிற இடத்தில வாறது. எனக்கு இதில நம்பிக்கை கூடுதே ஒழியக் குறையேல்ல. தன்ர பிழை எவ்வளவு எண்டு சொல்லுற எண்ணோட கதைக்கலாம், சண்டையும் பிடிக்கலாம். மொட்டையா நிக்கிற 412ஓட என்னத்தைக் கதைக்கிறது?

இஞ்ச யாழ்ப்பாணத்தில சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்திட்டுது எண்டு கதை வந்த காலத்தை யோசிச்சுப் பாருங்கோ. அது தண்ணி, இது காத்து, ஆனா கூட்டம் ஒண்டு தான், எரிபொருளில இருந்து வாற பென்சீனும் தொலுயீனும் அங்கயும் கேள்வியில நிண்டவை. ஒரு றிப்போட் இருக்கு எண்டும் இன்னொண்டு இல்லை எண்டும் சொல்ல, சனம் பவுசர் தண்ணிக்கு வரிசையில நிண்டுது. ரெண்டு றிப்போட்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு, எந்த முறை, எந்த நியமம், எவ்வளவு வரைக்கும் உங்களால பாக்க ஏலும் எண்டு கேட்ட குரல் அந்தச் சத்தத்துக்க அடிபட்டுப் போச்சு. காத்து விசயத்திலயும் அதே மாதிரி ஒரு கூத்துக்கு நாங்கள் ஆயத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறம் எண்டு தான் எனக்குப் படுது. நாளைக்கு ஒரு தொழிற்சாலையோ பவர் ஸ்ரேசனோ வந்து ஊர் எதிர்க்கேக்க, எங்களிட்ட இருக்கப்போறது கேற்றில கட்டின பெட்டியின்ர ஸ்கிரீன்சொட். எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அதை அஞ்சு நிமிசத்தில கிழிச்சுப் போடுவார், அவர் செய்யிறதும் சரி தான்.

அப்ப யாழ்ப்பாணத்துக்கு ஒரு பெரிய நிலையம் வேணுமோ எண்டு கேட்டா, எனக்கு இப்ப அதில நம்பிக்கை இல்ல. ஏசி அறை, ஐதரசன், சுத்தமான காத்து, நிக்காத கறண்ட், படிச்ச ஆள், இதெல்லாத்துக்கும் மேல சிலிண்டர். அமுக்கமூட்டின வாயு ஆபத்தான பொருள் வகையில வாறதால சூட்கேசில கொண்டர ஏலாது, கப்பலில வந்து துறைமுகத்தில கிடந்து கையில கிடைக்கேக்க சேர்ட்டிபிக்கேற்றில போட்ட காலாவதித் திகதியில நல்ல பங்கு கரைஞ்சிருக்கும். அதுக்குப் பிறகு அதில பூட்டுற றெகுலேற்றர் வேற சாமானுக்குப் பாவிச்சதா இருந்தா அவ்வளவும் வீண். அதோட அந்த மெசினுகள் கனக்க குளிர் நாட்டுக் காத்துக்குச் செற் பண்ணினவை, எங்கட ஈரக்காத்தை முதல் உலர்த்த வேணும், உலர்த்திற குழாயில அசற்றோனும் மெதனோலும் தண்ணியோட சேந்து போயிடும். மெசின் வாங்கப் புரொஜெக்ற் காசு வரும், ரிப்பன் வெட்டுவினம், சிலிண்டர் வாங்க ஒருத்தரும் வரமாட்டினம்.

நான் சொல்லுறது ரியூப். பேனா அளவில ஒரு உருக்குக் குழாய், உள்ளுக்க காபன் உறிஞ்சி, ஒரு பக்கம் திறந்து 14 நாள் கம்பத்தில கட்டிவிட்டா பம்பும் இல்லாமக் கறண்டும் இல்லாமப் பென்சீன் தானாப் பரவி உள்ளுக்க போய்ப் பிடிபடும். நிமிசத்துக்கு அரை மில்லிலீற்றர் சொச்சக் காத்துக்குச் சமம், ரெண்டு கிழமைக்கு 10, 12 லீற்றர் வரும், காத்தில 5 மைக்கிரோகிராம் நிண்டா குழாயில 50, 60 நானோகிராம், லாப் சுகமாப் பாக்கும். ஈஎன் 14662 எண்ட ஐரோப்பிய நியமத்தின்ர நாலாம் பகுதி இந்த முறைக்குத் தான் எழுதினது. உறிஞ்சி தெரியேக்க மட்டும் கவனம், ரெனக்ஸ் எண்ட சாமான் பேர்போனது ஆனா எங்கட சூட்டுக்கு அது பிடிச்ச பென்சீனில கொஞ்சத்தைத் திரும்ப வெளிய விட்டிடும், கொஞ்சம் இறுக்கமாப் பிடிக்கிற கிராபைற் வகைக் காபன் தான் சரி. மூடியை இறுக்கித் தபாலில அங்கீகாரம் உள்ள ஒரு லாப்புக்கு அனுப்பினா, அந்த லாப்பின்ர சிலிண்டர், அந்தச் சிலிண்டரின்ர தராசு, அந்தத் தராசின்ர கிலோகிராம் எல்லாம் எங்கட எண்ணுக்குப் பின்னால வந்து நிக்கும்.

லாப்பையும் சும்மா நம்பத் தேவையில்ல. தெரிஞ்ச அளவு பென்சீன் ஏத்தின ரியூப்பை நியமப் பொருளா விக்கிற இடங்கள் இருக்கு, சேர்ட்டிபிக்கேற்றோட வரும். அதில ஒண்டை வாங்கி எங்கட ரியூப்புகளோட கலந்து, எது எண்டு சொல்லாம அனுப்ப வேணும். திறக்காத வெறும் ரியூப் ஒண்டும் கூடப் போக வேணும், தபாலில ஏறின அழுக்கைப் பிடிக்க. சிலிண்டர் வரமாட்டாத ஊருக்குப் படிக்கல்லு கடித உறையில வரும்.

இடம் நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். பஸ் ஸ்ராண்ட் ஒண்டு, ஆஸ்பத்திரி றோட் ஒண்டு, பெற்றோல் செட் பக்கத்தில ஒண்டு, குடிமனை ஒழுங்கை ஒண்டு. ஒப்பிடுறதுக்குச் சுத்தமான இடம் வேணும், வாடைக் காலத்தில பருத்தித்துறைக் கரை, சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கேக்க அது சரிவராது, தீவுப்பக்கம் போக வேணும். தரையில இருந்து ரெண்டு மூண்டு மீற்றர் உயரம், தாழ்வாரத்துக்குக் கீழ வேண்டாம், மரத்துக்குள்ளயும் வேண்டாம், மழைக்கு ஒரு சின்ன மூடி. இந்த இடங்களில மதிலோ கம்பமோ வைச்சிருக்கிற ஆக்கள் எனக்கு எழுதுங்கோ. பொலிசுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் குடுக்க வேணும், மூண்டு மொழியிலயும் லேபிளும் ஒட்ட வேணும், யாழ்ப்பாணத்தில கம்பத்தில உருக்குக் குழாய் ஒண்டு தொங்கினா அது என்ன எண்டு ஆரும் ஆறுதலா நிண்டு கேக்கப் போறேல்ல.